சுரங்கம் இருக்குதாமே?

குடியாத்தத்திலிருந்து காலை பஸ் பிடித்து வந்திருந்தான் அந்தத் தம்பி. இருபது வயதுக்குள்தான் இருக்கும். வேலூர்க் கோட்டைக்குள் வேப்பமரத்தடியில் நாங்கள் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். செருப்பைக் கழற்றிவிட்டு, வட்டத்துக்கு ஒரு முழம் தள்ளியே உட்கார்ந்தான். அரை மணி நேரம் எல்லார் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சு கொஞ்சம் ஓய்ந்தபோது கேட்டான்: “இங்கேர்ந்து விரிஞ்சிபுரம் வரைக்கும் சுரங்கம் இருக்குதாமே, நெஜமாங்க?”

இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் “வந்துட்டாம்பா” என்று தொடையில் தட்டிக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. ஆனால் சிரித்தவர்களைவிட மோசமாக நடந்துகொண்டவள் நான்தான். “அதெல்லாம் எப்பவோ பேசி முடிச்சாச்சு தம்பி, வேற எதுனா கேளு” என்றேன்.

தலையை ஆட்டினான். வேறு எதுவும் கேட்கவில்லை. கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தான். வருகை நோட்டில் குண்டு குண்டான எழுத்தில் பெயரும் ஊரும் எழுதிவிட்டுப் போனான். ஆறு வருஷம் ஆகிறது. திரும்பி வரவில்லை.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஜமாவுக்குப் பெயர் கிடையாது, தலைவர் கிடையாது, சந்தாவும் கிடையாது. வரலாறு நடத்தி ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், லாங் பஜாரில் மளிகை வியாபாரம் செய்யும் பாய், மின்வாரிய லைன்மேன் ஒருவர், சத்துவாச்சாரியிலிருந்து சைக்கிளில் வரும் அண்ணன், இன்னும் சிலர். நான் தபால் ஆபீஸ் கவுன்டரில் 31 வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். காலை ஏழு மணிக்குக் கூடி, வெயில் ஏறுவதற்குள் கலைந்துவிடுவோம். பேச்சு எல்லாமே நம் ஊரைப் பற்றித்தான். கோட்டை, கோயில், பாலாறு, பழைய வட ஆற்காடு.

யார் வேண்டுமானாலும் வரலாம் என்றுதான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தோம். வரவும் செய்தார்கள். வந்தவர்கள் கேட்ட கேள்விகள்தான் எங்களுக்குச் சலித்துப்போயின. சுரங்கம் இருக்கிறதா? முதல் சுதந்திரப் போர் 1806 வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சியா, 1857 புரட்சியா? “தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்” என்ற சொலவடை எப்படி வந்தது? வட ஆற்காடு என்ற பெயர் எப்போது போயிற்று? பாலாற்றில் ஏன் தண்ணீர் இல்லை?

இந்த ஐந்தையும் விட்டால் ஆறாவது கேள்வி வருவது அபூர்வம்.

சலிப்பு வருவதைக் குற்றமாக நான் நினைக்கவில்லை. அதே சொலவடையை ஒருவர் அப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி சொல்லும்போது, 1981லேயே சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து ஜலகண்டேஸ்வரர் கோயிலில் வைத்தாயிற்று, அது இப்போது சாமி உள்ள கோயில் என்று நூறாவது தடவை சொல்ல யாருக்கும் அலுக்கும். 1911 வரை வட ஆற்காடு மாவட்டத் தலைநகரம் சித்தூர், பிறகு வேலூர். 1989ல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. 2019ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாயிற்று. இந்தக் கணக்கை ஒப்பித்து ஒப்பித்து எங்களுக்கே வாய்ப்பாடு மாதிரி ஆகிவிட்டது. அலுப்பு வரட்டும். அதை யார் தலையில் இறக்கி வைக்கிறோம் என்பதில்தான் தப்பு செய்துகொண்டிருந்தோம்.

ஒரு மார்கழி ஞாயிறு. குளிருக்கு யாரும் வரவில்லை, நானும் பாயும் மட்டும். பொழுது போகாமல் வருகை நோட்டைப் பின்னாலிருந்து புரட்டினோம். ஒரே ஒரு தடவை மட்டும் வந்த பெயர்கள் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. பேரணாம்பட்டு, ஒடுகத்தூர், அணைக்கட்டு, காட்பாடி, ஆம்பூர் என்று எல்லா ஊரும் இருந்தது. திரும்பத் திரும்ப இருந்த பெயர்கள் எங்கள் ஒன்பது பேருடையவை மட்டும். பாய் நோட்டை மூடி வைத்துவிட்டு, “நம்ம கடையில கஸ்டமர் ஒரு வாட்டி வந்துட்டு மறுபடி வரலன்னா, சரக்குல கோளாறா, பேச்சுல கோளாறான்னு நான் ராத்திரி தூங்க மாட்டேன் மேடம்” என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு விளங்க ஆரம்பித்தது வேறொரு இடத்தில்.

நாத்தனாருக்கு அறுவை சிகிச்சை. அதற்காகப் பத்து நாள் சிஎம்சி மருத்துவமனை எதிரே இருக்கும் தெருக்களிலேயே கிடந்தேன். வேலூர்க்காரர்களுக்கு அந்தத் தெருக்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. லாட்ஜ் போர்டு வங்காளத்தில் இருக்கும், மெஸ் போர்டு இந்தியில் இருக்கும். டாக்டர் ஐடா ஸ்கடர் 1900ல் தொடங்கிய அந்த இடத்தைத் தேடி, மேற்கு வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் ரயிலேறி, காட்பாடியில் இறங்கி வந்துகொண்டே இருப்பார்கள். ஒரு மூலை டீக்கடையில் தினமும் காலை உட்காருவேன். அந்தக் கடைக்காரரை ஒரு மணி நேரத்துக்குள் இருபது பேராவது ஒரே கேள்வியைக் கேட்பார்கள். புதுசாக வருகிறவர்கள் சீட்டு போடுவது எந்தப் பக்கம்?

அவர் ஒவ்வொரு தடவையும் டம்ளரைக் கீழே வைப்பார். கையை நீட்டி வழி காட்டுவார். அரைகுறை வங்காளத்தில் நான்கே சொல் சொல்வார். கேட்டவர் முதுகில் பை கனமாக இருந்தால், “உக்காரு, சா பியோ” என்று பெஞ்சைக் காட்டுவார். பதில் சொல்லி முடிக்கப் பத்து விநாடிகூட ஆகாது. ஆனால் அந்தப் பத்து விநாடியும் அவர் கண் கேட்டவர் முகத்தில்தான் இருக்கும்.

ஐந்தாம் நாள் கேட்டேவிட்டேன். “ஒரு அட்டையில எழுதி மாட்டிட்டா ஆகாதாண்ணா? எத்தனை வாட்டி சொல்வீங்க?”

“எனக்குத்தாம்மா இது நூறாவது வாட்டி. அவங்க ரெண்டு ராத்திரி ரயில்ல உக்காந்து வந்திருக்காங்க. அவங்களுக்கு இதான மொத வாட்டி?” என்றார். சொல்லிவிட்டு அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் முழுக்க எனக்கு என் கவுன்டர்தான் ஞாபகம் வந்தது. மணியார்டர் பாரத்தை எங்கே நிரப்புவது, பின்கோடு எங்கே எழுதுவது, எந்த ஜன்னலுக்குப் போவது என்று தினம் இதேதான் கேட்பார்கள். “போர்டுல எழுதியிருக்கு பாருங்க” என்று ஒரு வாக்கியம் என் நாக்கில் ஊறிப்போயிருந்தது. ஒருநாள் ஒரு பாட்டி அந்தப் போர்டின் கீழே போய் நின்று, ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்கு உறைக்கவே பத்து நிமிஷம் ஆயிற்று. எழுந்து போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தேன். ஆனால் மறுநாளிலிருந்து பழையபடி அதே வாக்கியத்தைத்தான் சொன்னேன். அந்த வாக்கியம்தான் குடியாத்தத்துத் தம்பியிடம் வேறு உடுப்பு போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

புதிதாக ஒரு கூட்டத்துக்கு வருகிறவர் தனக்குத் தெரிந்த ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருவார். கல்யாண வீட்டுக்குப் போகிறவர் ஒரு தட்டு பழத்தோடு போவது போல. எல்லாரும் கொண்டுவருவது அதே வாழைப்பழமாகத்தான் இருக்கும். அதற்காக யாரும் வாசலில் நிறுத்தி “எங்க வீட்ல ஏற்கெனவே நிறைய இருக்கு” என்று சொல்வதில்லை. வாங்கி உள்ளே வைத்துவிட்டு, “வாங்க, சாப்பிட உக்காருங்க” என்கிறோம். சுரங்கம் இருக்கிறதா என்று கேட்டவன், நான் இங்கே உட்காரலாமா என்பதையும் சேர்த்தே கேட்டிருக்கிறான்.

இதை ஜமாவில் சொன்னேன். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் நாங்கள் முதலில் கையிலெடுத்த வழி சரியாக அமையவில்லை. இதே தப்பைப் பல இடங்களில் பார்க்கிறேன் என்பதால் அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

வாத்தியார் ஒரு நீளநோட்டு வாங்கி, திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் எழுதினார். அருமையாக எழுதினார். 1806 ஜூலை 10 அதிகாலையில் என்ன நடந்தது, அதற்கு முந்தைய நவம்பரில் வந்த உடுப்பு உத்தரவில் என்ன இருந்தது, நெற்றிக்குறியும் கடுக்கனும் கூடாது என்றது, தொப்பி மாதிரித் தலைப்பாகையில் தோல் குஞ்சம் வைத்தது, ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டது, மறுவருஷம் ஆளுநர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டது, எல்லாம் நான்கே பக்கத்தில். இனிமேல் கேட்கிறவர்களுக்கு நோட்டைக் கொடுத்துவிடலாம், நாமும் புதிய விஷயங்களைப் பேசலாம் என்று முடிவாயிற்று.

அடுத்த வாரமே அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். திப்புவின் குடும்பத்தைக் கோட்டையில் எங்கே வைத்திருந்தார்கள், பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டார். எங்களில் ஒருவர், நல்ல மனசோடுதான், “இதுல எல்லாம் இருக்கு மேடம், படிங்க” என்று நோட்டை நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். நாங்கள் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தோம். அவர் தலை குனிந்து தனியாகப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் போர்டின் கீழே நின்ற பாட்டி ஞாபகம் வந்தார். டீச்சர் படித்து முடித்தார். நோட்டை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார், “ரொம்ப தேங்க்ஸுங்க” என்றார், கிளம்பிவிட்டார்.

அவருக்குத் தகவல் முழுசாகக் கிடைத்தது. 1799ல் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்த பிறகு அந்தக் குடும்பத்தை இங்கே கொண்டுவந்தார்கள், 1806க்குப் பிறகு கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள் என்பது அந்த நோட்டில் இருக்கிறது. ஆனால் அந்தத் தகவலுக்காக அவர் பஸ் ஏறி வந்திருக்கத் தேவையில்லை. செல்போனைத் தட்டினாலே வந்துவிடும்.

நோட்டைத் தூக்கிப் போடவில்லை. முறையை மாற்றினோம். முதலில் வாயால் பதில், இரண்டு நிமிஷம் போதும். நோட்டு கடைசியில், கிளம்பும்போது. “வீட்டுக்குப் போய்ப் படிக்க வேணும்னா போட்டோ எடுத்துக்கோங்க” என்று கொடுப்போம். வார்த்தைக்கு வார்த்தை அதே நோட்டுதான். ஆனால் கேட்டவுடன் நீட்டினால் வாயை மூடு என்று அர்த்தமாகிறது. கிளம்பும்போது கொடுத்தால் தாம்பூலப் பை மாதிரி ஆகிவிடுகிறது.

அடுத்த மாற்றம் யார் பதில் சொல்வது என்பதில். முன்பெல்லாம் வாத்தியார்தான் சொல்வார். அவருக்குத் தெரிந்த அளவு எங்கள் யாருக்கும் தெரியாது. ஆனால் அவருக்கு அது முந்நூறாவது தடவை. குரலில் அது தெரிந்துவிடும். லைன்மேன்தான் ஒரு யோசனை சொன்னார். “எங்க வேலையில புது ஹெல்பருக்குக் கத்துக் கொடுக்கிறது போன வருஷம் சேர்ந்த ஹெல்பர்தான். ஃபோர்மேனுக்கு எது புரியாம இருந்துச்சுன்னே மறந்து பூடும்.” அன்றிலிருந்து, புதிதாக வந்தவரின் கேள்விக்கு அவருக்கு முன்பு கடைசியாக வந்து சேர்ந்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். புதியவர் உட்காருவதும் அவர் பக்கத்தில்தான்.

பள்ளிகொண்டாவிலிருந்து வரும் நர்சிங் படிக்கும் பாப்பாவுக்கு அப்படித்தான் முதல் முறை வாய்த்தது. அவள் வந்தே மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஆம்பூரிலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவர் சுரங்கத்தைப் பற்றிக் கேட்டார்கள். பாப்பா பயந்துபோய் வாத்தியாரைப் பார்த்தாள். அவர் வாயைத் திறக்கப் போனார், நான் அவர் முழங்கையைத் தொட்டேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: தொல்லியல் துறைக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள், அப்படிச் சுரங்கம் இருந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை, ஆனால் அந்தக் காலத்தில் அகழிக்கு ஏரித் தண்ணீர் நிலத்தடிக் கால்வாய் வழியாக வந்திருக்கிறது, அதைப் பார்த்தவர்கள் சுரங்கம் என்று நினைத்திருக்கலாம் என்று எங்க பாய் சொல்வார். சொல்லிவிட்டு, “வாங்க, அகழியக் காட்டறேன்” என்று இருவரையும் மதில் ஓரம் அழைத்துப் போனாள். கோட்டை கட்டிய வருஷத்தைத் தப்பாகச் சொன்னாள். 16ஆம் நூற்றாண்டு என்பது அவள் வாயில் 18 என்று வந்துவிட்டது. அவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு, வாத்தியார் எல்லார் முன்னாலும் திருத்தாமல், விஜயநகரக் காலத்து நாயக்கர்களைப் பற்றிப் பேசும் சாக்கில் சரியான நூற்றாண்டைப் போகிற போக்கில் சொன்னார். பாப்பா புரிந்துகொண்டு தன் கையேட்டில் அடித்து எழுதிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் ஒரு ஞாயிறுகூட விட்டதில்லை. பரீட்சை சமயத்தில்கூட ஒரு மணி நேரமாவது வந்துவிட்டுப் போவாள். பதில் சொல்லும் இடத்தில் உட்கார வைத்தால் ஆள் தங்கிவிடுகிறார். இதை நான் பலரிடம் பார்த்துவிட்டேன்.

எல்லாவற்றையும்விட எங்களுக்குப் பலன் கொடுத்தது சின்ன விஷயம்தான். பதில் சொல்லும் முன்பு ஒரு கேள்வி திருப்பிக் கேட்பது: “உங்களுக்கு இத யாரு சொன்னாங்க?”

சுரங்கம் எங்கே போய் முடிகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. விரிஞ்சிபுரம் என்கிறவர்கள் அதிகம். ஆற்காடு, ஆரணி என்பார்கள், செஞ்சி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனவரும் உண்டு. யார் சொன்னார்கள் என்று கேட்கும்போதுதான் ஆள் திறக்கிறார். ஆயா சொன்னது, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னது, பள்ளிக்கூடச் சுற்றுலாவில் கேட்டது. ஒரே கேள்விக்குப் பின்னால் ஒரே மாதிரி வீடு இல்லை. நாங்கள் பல வருஷம் கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம், அது வந்த வீட்டைக் கேட்கவில்லை.

ஒருமுறை கணியம்பாடிப் பக்கத்து இளைஞர் ஒருவர் சொன்னார்: “எங்க ஆயா சொல்லும், ராஜா பிள்ளைய சுரங்கத்து வழியாத்தான் தூக்கிக்கினு போனாங்கன்னு.” எந்த ராஜா, எந்தப் பிள்ளை என்று அவருக்குத் தெரியவில்லை. வாத்தியார் சிறிது நேரம் பேசவே இல்லை. பிறகு 1614ஐப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். விஜயநகர வாரிசுச் சண்டையில் ஜக்கராயன் இந்தக் கோட்டைக்குள் அரசர் ஸ்ரீரங்கனையும் குடும்பத்தையும் சிறைவைத்துக் கொன்றது, அதற்கு முன்பே யாசம நாயக்கன் ஒரு சலவைத் தொழிலாளியின் துணையோடு இளவரசன் ராமதேவனைக் கோட்டையிலிருந்து கடத்திக் காப்பாற்றியது, பிறகு அந்தப் பையனே அரசனானது. அந்த ஆயா சொன்னது இந்தச் சம்பவத்தின் தேய்ந்த நினைவுதான் என்று யாராலும் சாதிக்க முடியாது. ஆனால் எங்களில் பாதிப் பேர் அந்தச் சலவைத் தொழிலாளியைப் பற்றி அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டோம். சுரங்கம் இல்லை என்ற ஒற்றைப் பதிலை எத்தனையோ தடவை சொல்லியிருந்த வாத்தியாருக்கு, இந்தக் கதையைச் சொல்ல அதுவரை இடமே கிடைக்கவில்லை.

திரும்பத் திரும்பச் சொன்ன பதில் இறுகிப்போய் தப்பாகிவிடுவதும் உண்டு. இதற்கும் எனக்குச் சாட்சி இருக்கிறது. வேலூர்தான் முதல், 1857 மீரட் எல்லாம் அப்புறம் என்று நாங்கள் மார்தட்டிச் சொல்லி வந்தோம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண் வந்த முதல் நாளே அந்தப் பழைய கேள்வியைக் கேட்டாள். நாங்கள் பழைய பதிலைச் சொன்னோம். அவள் தயங்கித் தயங்கி, “1764லயே வங்காளத்துல சிப்பாய்ங்க எதிர்த்து நின்னாங்களே, 24 பேரை பீரங்கி வாயில கட்டிச் சுட்டாங்களே, அப்போ முதல்னு எதச் சொல்றோம்?” என்றாள். யாருக்கும் உடனே பதில் வரவில்லை. அவள் சொன்னது சரி. அந்த மாதம் முழுக்க அதே பேச்சுதான். சம்பளத்துக்காகவும் படைக்குள் நடந்த குறைகளுக்காகவும் எழுந்த எதிர்ப்புகள் முன்பே உண்டு. வேலூரில் சிப்பாய்கள் கோட்டையையே கைப்பற்றி, கம்பெனிக் கொடியை இறக்கிவிட்டு, மைசூர்க் கொடியை ஏற்றினார்கள். 1857க்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அது நடந்தது. இப்போது ‘முதல்’ என்ற சொல்லை வைத்து மார்தட்டுவதில்லை, நடந்ததைச் சொல்கிறோம். என் காதுக்கு அதுவே பெருமையாகத்தான் கேட்கிறது. வாத்தியார் அவள் பெயரைப் போட்டு நோட்டில் அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதினார்.

இதையெல்லாம் செய்துகொண்டிருக்கும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. யார் அதிகம் திருப்பித் திருப்பிப் பேசுகிறார்கள் என்று கவனித்தால், அது புதியவர்கள் இல்லை. நாங்கள்தான். புதியவர் ஒரு கேள்வியை ஒரு தடவைதான் கேட்கிறார். சத்துவாச்சாரி அண்ணன் பாலாற்றைப் பற்றிய அதே பேச்சை வாரா வாரம் பேசுவார். நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடும் ஆற்றில் 222 கிலோமீட்டர் நம்முடையது என்று தொடங்குவார். சென்னை மாகாணமும் மைசூரும் செய்துகொண்ட 1892 ஆற்றுநீர் ஒப்பந்தத்துக்குப் போவார். 2006ல் குப்பத்துக்குப் பக்கத்தில் ஆந்திரா அணை கட்டக் கிளம்பியதற்கு வருவார். தோல் தொழிற்சாலைக் கழிவுக்கு எதிராக வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை, ‘கெடுத்தவனே காசு கட்டணும்’ என்று நாட்டுக்கே சட்டம் சொன்ன தீர்ப்பை, ஏறக்குறைய மனப்பாடமாகச் சொல்வார். ஒரு தகவல்கூடத் தப்பு இல்லை. அவர் ஆத்திரமும் நியாயமானது. சின்ன வயசில் அவர் அந்த ஆற்றில் ஊற்று தோண்டிக் குடித்தவர். ஆனால் அவர் ஆரம்பித்தால் வேறு யாரும் பேச முடியாது. புதிதாக வந்தவர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

அதனால் எங்களுக்கே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டோம். ஒரு விஷயத்தை ஜமாவில் மூன்று தடவை பேசியவர், நாலாவது தடவை பேச வேண்டுமானால் கையில் ஏதாவது புதிதாக இருக்க வேண்டும். ஒரு பழைய பத்திரம், ஒரு படம், பேச ஒப்புக்கொண்ட ஒரு பெரியவர், போய்ப் பார்த்துவிட்டு வந்த ஓர் இடம். புதியவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

பாலாற்றுப் பேச்சு அதனால் நல்ல திசையில் திரும்பியது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது, யாரும் ஒப்பந்தம், வழக்கு என்று பேசவில்லை. எல்லாருமாகக் கரைக்குப் போய் நின்றோம். தள்ளித்தான் நின்றோம், அவ்வளவு வேகம். ‘தண்ணியில்லாத ஆறு’ என்று சொல்லியே வளர்ந்த பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். பாய் தன் தாத்தா சொன்ன 1903 வாணியம்பாடி வெள்ளத்தைப் பற்றிச் சொன்னார். அத்தனை வருஷத்தில் அவர் பாலாற்றைப் பற்றிப் பேசி நான் கேட்டது அன்றுதான். பேச இடம் கிடைத்தது, பேசினார்.

வருகிறவர்களுக்கும் ஒன்றிரண்டு சொல்வேன். முதல் வாரம் கேள்வி கேளுங்கள், எதுவானாலும். ஆனால் “இதப் பத்தி இங்க முன்னாடி பேசியிருக்கீங்களா?” என்று சேர்த்துக் கேட்டுவிடுங்கள். பழையவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை மரியாதையாகப் படும், பதிலும் தாராளமாக வரும். கேட்ட பதிலோடு எழுந்து போய்விடாமல் அன்றைய பேச்சு முடியும்வரை இருங்கள். செல்போனில் பார்த்ததைக் காட்டி முதல் நாளே ஒருவரை மடக்கப் பார்க்க வேண்டாம். தேர்வுக்குப் படிக்கும் அந்தப் பெண் எங்களைத் திருத்தினாள். ஆனால் அதைக் கேள்வியாகக் கேட்டாள்.

எல்லாப் புதியவரும் கேட்க வருவதில்லை என்பதும் உண்மைதான். கோட்டையைக் கட்டியதாகச் சொல்லப்படும் பொம்மி நாயக்கர் எங்கள் ஜாதி என்று சாதிக்கவே வந்தவர் இருந்தார். இன்னொருவர் கோயிலையும் மசூதியையும் வைத்துச் சண்டை மூட்டப் பார்த்தார். அவர்களுக்கும் முதல் தடவை டீ வாங்கிக் கொடுத்தோம், நடந்த வரலாற்றைச் சொன்னோம். இரண்டாவது தடவையும் அதையே செய்தபோது, “இது அதுக்கான எடம் இல்லீங்க” என்று எல்லார் சார்பிலும் ஒருவர் எழுந்து சொன்னார். புதியவரை அரவணைப்பதும் வம்பை வளர விடுவதும் ஒன்றல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டதால் ஒரு மாதம் கஷ்டப்பட்டோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது பேருக்குக் குறைவதில்லை. வெயில் காலத்தில் நிழல் போதாமல் மரத்தை மாற்றி மாற்றி உட்காருகிறோம். குடியாத்தத்துத் தம்பி எழுதிவிட்டுப் போன பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்திருக்கிறேன். அவன் போன் நம்பர் எழுதவில்லை. குடியாத்தத்திலிருந்து யார் வந்தாலும் அவன் பெயரைச் சொல்லி விசாரிக்கிறேன்.

நஷ்டமும் இருக்கிறது. சத்துவாச்சாரி அண்ணன் வருவதை நிறுத்திவிட்டார். மூன்று தடவைக் கட்டுப்பாடு அவரை மனதில் வைத்துப் போட்டது என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்ததில் தப்பும் இல்லை. புதியவர்களுக்கு இடம் பண்ணும் வேகத்தில், பழையவர் ஒருவரை எழுப்பிவிட்டிருக்கிறோம். அந்தக் கட்டுப்பாட்டைப் பொதுவில் போடும் முன்பு அவர் வீட்டுக்குப் போய், அவரிடம் தனியாகப் பேசியிருக்க வேண்டும். நான் செய்யவில்லை. பிறகு வாத்தியாரும் நானும் இரண்டு தடவை போனோம். காபி கொடுத்தார், பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசினார், வருகிறேன் என்றார். வரவில்லை.

சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு அவருக்குப் போன் போடுகிறேன். “நாளைக்கு என்னாம்மா பேசப் போறீங்க?” என்பார். சொல்வேன். விஷயம் கோயிலாக இருந்தாலும் சரி, காட்பாடி ஸ்டேஷனாக இருந்தாலும் சரி, இரண்டு நிமிஷத்தில் பாலாற்றுக்கு வந்துவிடுவார். நந்தி மலை, 348 கிலோமீட்டர், 222 நம்முடையது. நான் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு கேட்கிறேன். போன வாரம் 1996 தீர்ப்பு வரைக்கும் வந்துவிட்டு, நடுவில் நிறுத்தி, “இத உனக்கு முன்னாடி சொல்லியிருக்கேனா?” என்று கேட்டார்.

“சொல்லுங்கண்ணா” என்றேன்.